சக்கரத்துக்குப் பக்கத்து ஓட்டை

போன வாரம் பாளையங்கோட்டைப் பக்கம் வண்ணாரப்பேட்டையில் ஒரு செல்போன் கடையில் நான் சண்டை போட்டதாக என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டு திரிகிறார். சண்டை எல்லாம் இல்லை. ஒரு கேள்வி கேட்டேன். கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன், அவ்வளவுதான். புதுப் போனை மேலும் கீழும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இயர்போன் மாட்டுத ஓட்டை எங்கப்பா?" என்றேன். கடைப் பையன் சிரித்தான். "இப்பல்லாம் அது வாரதில்ல ஆண்ட்டி. யாரு ஒயரு மாட்டுதா? புளூடூத் போட்டுக்கிடுங்க."

"யாரக் கேட்டு எடுத்தாங்க?"

அவன் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தான். இந்த ஊர்க் கடைகளில் அது ஒரு பழக்கம். பெண்பிள்ளை கேட்கிற கேள்விக்குப் பதில் பக்கத்தில் நிற்கும் ஆம்பளைக்குத்தான் போகும். அதிலேயே எனக்குப் பாதி சூடு ஏறிவிட்டது. ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது அவர், "ஒரு ஓட்டைக்கா இவ்வளவு கோவம்?" என்றார்.  பதில் சொல்ல வேண்டுமென்றால் ரொம்பத் தூரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வீட்டுக்கு வருவதற்குள் முடியாது. அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். டவுனில் எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகள் பி.ஏ. படிப்பார்கள், டீச்சர் டிரெய்னிங் போவார்கள். நான் மட்டும் சால்டரிங் அயர்னும் கையுமாக இருந்தேன். ஈயம் உருகும்போது வருகிற ரெசின் வாடை இருக்கிறதே, அது எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். கொஞ்சம் சாம்பிராணி, கொஞ்சம் மருந்துக்கடை, கலந்து கட்டிய மாதிரி. அம்மா ஆசையாக எடுத்துத் தந்த சேலையின் முந்தானையில் முதல் மாதமே ஓட்டை போட்டுவிட்டேன். அதற்கு அம்மா என்னைத் திட்டவில்லை. என்னைப் படிக்க வைத்த அப்பாவைத் திட்டினாள்.

படித்து முடித்ததும் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் அசிஸ்டெண்டாக வேலை கிடைத்தது. தொண்ணூறுகளின் கடைசி. வேலை பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் கம்ப்யூட்டர்களின் துணி உறையைக் கழற்றி மடித்து வைக்க வேண்டும். சாயங்காலம் மாட்டிவிட வேண்டும். நடுவில் யாராவது செருப்போடு உள்ளே வந்தால் கத்த வேண்டும். கத்துகிற வேலையை நான் நன்றாகவே செய்தேன்.

அந்த லேபில் ஒரே ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் சத்தம் வரும். அதற்கு மல்டிமீடியா என்று பெயர். அதற்குள் சவுண்டு கார்டு இருந்தது, இரண்டு பக்கமும் இரண்டு குட்டி ஸ்பீக்கர் நிற்கும். மாணவிகள் அதைத் தொடக் கூடாது. கல்லூரிச் செயலாளர் யாராவது பெரிய மனிதரைக் கூட்டிவந்தால் மட்டும் உறையைக் கழற்றி, விலங்குகளைப் பற்றிய ஒரு சிடியைப் போட வேண்டும். திரையில் சிங்கம் வரும், கர்ஜிக்கும். வந்தவர் பயந்த மாதிரி நடிப்பார். செயலாளர் சிரிப்பார். உறையை மாட்டிவிடுவோம். கல்லூரிக்கே பெருமையான அந்தக் கம்ப்யூட்டர் செய்த மொத்த வேலை அதுதான்.

ஒரு நாள் மத்தியானம் லேப் வாசலில், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி சுகிர்தக்கா நின்றாள். ஆங்கிலத் துறையில் தற்காலிக விரிவுரையாளர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். களக்காட்டுக்காரி, அப்பாவுக்கு வாழை விவசாயம். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. எம்.ஃபில் வரை படித்திருந்தாள். வகுப்பில் அவள் கவிதை நடத்தினால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலோரம் வந்து உட்காரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். பேசியது அன்றைக்குத்தான்.

"இங்கன பாட்டு பாடுத கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்காமே."

"பாட்டெல்லாம் பாடாது மேடம். சிங்கம் மாதிரி கத்தும்."

அவள் சிரித்தாள். அதற்கப்புறம் மேடம் அக்காவாகிவிட்டாள். நான் 'ஏட்டி' ஆகிவிட்டேன்.

அவள் தேடி வந்தது பாட்டுக்காக இல்லை. சென்னையில் இருந்த அவள் சிநேகிதி ஒருத்தி ஒரு சிடி அனுப்பியிருந்தாள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் திரையில் இருப்பதை ஆங்கிலத்தில் வாசித்துச் சொல்லுமாம். டைப் அடித்தால் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுமாம். அவளுக்கு டைப்ரைட்டிங் தெரியும், பார்வையற்றோர் பள்ளியில் படித்தபோது கற்றுக்கொண்டது. அடித்ததைத் திரும்பப் பார்க்கத்தான் வழியில்லை.

"ஒரு கொஸ்டின் பேப்பர நானே அடிச்சிக் குடுக்கணும்ட்டி," என்றாள். "ஒரே ஒண்ணு போதும்."

அதற்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. அவள் வினாத்தாளை வாயால் சொல்ல, வேறு யாராவதுதான் எழுதித் தர வேண்டும். முந்தைய வருடம் அப்படி எழுதித் தந்த பெண் கேள்விகளைத் தன் தோழிகளுக்குச் சொல்லிவிட்டாள். பழி சுகிர்தக்காவின் மேல் விழுந்தது. பார்வை இல்லாதவளிடம் ரகசியம் எப்படித் தங்கும் என்று செயலாளரே கூட்டத்தில் கேட்டிருக்கிறார். அவளுடைய வேலை நிரந்தரமாவது அந்தக் கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வாய் திறந்து சொன்ன பெண்ணுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத்தான் தெரிந்தது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

பிரின்ஸ்பாலிடம் கேட்டோம். வகுப்பு முடிந்த பிறகு பழகிக்கொள்ளலாம், ஆனால் சத்தம் வரக்கூடாது, பக்கத்து அறை செயலாளருடையது என்றார். ஆக ஸ்பீக்கர் கிடையாது, ஹெட்போன்தான். லேங்குவேஜ் லேபில் உடைந்ததும் உடையாததுமாக ஒரு பெட்டி நிறைய ஹெட்போன்கள் கிடந்தன. பஞ்சு பிதுங்கிய, தலையை இறுக்கிப் பிடிக்கிற பழைய ஜாதி. அதில் நல்லதாக ஒன்றை எடுத்தேன். அதன் வயர் நுனியில் சொருகுகிற பின் விரல் தடிமன். சவுண்டு கார்டின் ஓட்டையோ பென்சில் முனை மாதிரி.

ஜங்ஷனில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போய்க் கேட்டேன். கடை அண்ணாச்சி, தடித்த பின்னை மெல்லிய பின்னாக மாற்றுகிற ஒரு கன்வெர்ட்டரைத் தந்தார். மாட்டினோம். இடது காதில் மட்டும் கேட்டது. வலது காது செத்துக்கிடந்தது. எனக்கு வந்த கோபத்தில் கார்டையே பழித்தேன். அப்புறம்தான் உறைத்தது. கன்வெர்ட்டர் மோனோ, அதன் பின்னில் ஒரே ஒரு கறுப்புக் கோடு. கார்டு ஸ்டீரியோ, இரண்டு காதுக்கும் தனித்தனியாக அனுப்புகிறது. ஒரு கோட்டுப் பின்னைச் சொருகினால் வலது பக்கம் போவது எர்த்தோடு சேர்ந்து வீணாகிவிடும். பாலிடெக்னிக்கில் பரீட்சைக்கு எழுதியதுதான். எழுதினால் போதுமா, நேரத்துக்கு ஞாபகம் வரவேண்டாமா? பழைய பின்னை வெட்டிப் போட்டுவிட்டு, இரண்டு கோடு உள்ள சின்னப் பின்னை வாங்கிவந்து, வயரைப் பிரித்து இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் பற்றவைத்தேன். முந்தானையை இடுப்பில் நன்றாகச் செருகிக்கொண்டு.

அந்தக் காலத்து சவுண்டு கார்டில் இப்போது மாதிரி பச்சை, சிவப்பு என்று நிறமெல்லாம் கிடையாது. பெட்டியின் முதுகில் ஒரே மாதிரி ஓட்டைகள் வரிசையாக இருக்கும். பக்கத்தில் குண்டூசியால் கீறிய மாதிரி ஏதோ படம். கண் தெரிந்த எனக்கே டார்ச் அடித்துப் பார்த்தால்தான் புரியும். சுகிர்தக்கா பெட்டியின் பின்னால் கையை விட்டு ஒரு தடவை தடவினாள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க கார்டில் ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. அதில் விரலை நிறுத்தினாள்.

"இந்தச் சக்கரத்துக்குப் பக்கத்து ஓட்டை. சரியா?"

சரிதான். அதற்கப்புறம் நான் ஒரு நாளும் அவளுக்கு மாட்டிக் கொடுத்ததில்லை.

முதல் நாள் அவள் என்ன அடித்தாள் தெரியுமா? தன் பெயரை. நான் ஹெட்போனின் ஒரு பக்கத்தில் என் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். மூக்கடைத்த வெள்ளைக்காரன் ஒருவன் கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருந்தது. அவன் வாயில் சுகிர்தா என்ற பெயர் பட்ட பாட்டைச் சொல்ல முடியாது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. அடுத்து ஒரு வாக்கியம் அடித்தாள். நடுவில் நிறுத்தினாள். ஒரு எழுத்தை அழித்தாள், வேறு எழுத்து அடித்தாள். திரும்ப வாசிக்கவிட்டுக் கேட்டாள். பிறகு ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள்.

"தப்பா அடிச்சேன்ட்டி. நானே கண்டுபிடிச்சேன். நானே அழிச்சேன்."

நான் அவள் முகத்தைப் பார்க்காமல் உறைகளை மாட்டப் போய்விட்டேன்.

அந்த மென்பொருள் விலை கொடுத்து வாங்கியது இல்லை, சோதித்துப் பார்க்க விடுகிற பதிப்பு. கொஞ்ச நேரம் பேசிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால்தான் மறுபடி பேசும். வாக்கியத்தின் நடுவில் வெள்ளைக்காரன் செத்துப்போவான், எழுப்ப வேண்டும். ஐப்பசி மழையில் கரண்டும் போகும். வெளியே மழை கொட்டும், ஆற்றில் வெள்ளம் வருகிறது என்று எல்லோரும் பாலத்துக்கு ஓடுவார்கள். இவள் இருட்டு லேபில் ஹெட்போனைக் கழற்றாமல் கரண்டுக்குக் காத்திருப்பாள். இருட்டு அவளுக்கு ஒரு பொருட்டா.

மாதிரித் தேர்வுக்கான வினாத்தாளை அவளே அடித்தாள். நான் பக்கத்தில் இருந்தேன், ஒரு எழுத்துகூடச் சொல்லித்தரவில்லை. சொல்லித்தருகிற அளவுக்கு என் ஆங்கிலம் இல்லை என்பது வேறு விஷயம். மறுநாள் செயலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். தாளைக் கையில் வைத்திருந்தார்.

"யாரு டைப் அடிச்சிக் குடுத்தா?"

"நாந்தான் சார்."

"அதான், சொல்லச் சொல்ல யாரு அடிச்சா?"

அவள் சண்டை போடவில்லை. "லேபுக்கு வாங்க சார்" என்றாள். வந்தார். அவள் பெட்டியின் பின்னால் கையை விட்டு ஹெட்போனைச் சொருகிக்கொண்டு, "மானிட்டர அமத்துட்டி, எனக்கு அது வேண்டாம்" என்றாள். அணைத்தேன். அவர் செய்தித்தாளில் இருந்து ஒரு வாக்கியத்தைச் சொன்னார். அவள் அடித்தாள். நான் மானிட்டரைப் போட்டேன். ஒரு பிழை இல்லை. செயலாளர் ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்துக் கேட்டார். "கொரங்கு பேசுத மாதிரில்லா இருக்கு" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். நன்று என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த ஆள் ஒரு சிங்கத்துக்கு எத்தனை தடவை கைதட்டியிருக்கிறார்.

அப்புறம் ஆண்டு விழா வந்தது. சிறப்பு விருந்தினர் பேச்சைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யப் போகிறோம் என்று செயலாளரின் தங்கை மகன் கிளம்பினான். சிங்கப்பூரில் இருந்து வந்த பெரிய ஆம்ப்ளிஃபயர் அவன் வீட்டில் இருந்தது. அதைக் கொண்டுவந்து மேடைக்குப் பக்கத்தில் வைத்தான். எங்கள் மல்டிமீடியாவையும் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் பின்னாலேயே போனேன்.

அவன் ஸ்பீக்கருக்குப் போகிற வயரில் இருந்து இன்னொரு கிளை எடுத்து, அதன் நுனியில் ஒரு பின்னை முறுக்கி, கம்ப்யூட்டரின் முதுகில் சொருகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுல எடுக்காதீங்க," என்றேன். "அது ஸ்பீக்கர ஆட்டுத கரண்டு. கார்டு தாங்காது. பதிவு பண்ணுததுக்குன்னு ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால தனியா ஒரு வழி இருக்கும். அங்கன இருந்து எடுங்க."

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க போயி பூச்செண்டு எடுத்துக் குடுங்க. இத நாங்க பாத்துக்கிடுதோம்."

கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். மேடைக்கு எதிரே அவ்வளவு கூட்டம். நான் மறுபடி சொன்னேன், அவன் சொருகினான், சத்தத்தைக் கூட்டினான். வெடிக்கவெல்லாம் இல்லை. சின்னதாக ஒரு 'டிக்'. பெட்டியின் காற்றாடி வழியாக ஒரு கருகல் வாடை வந்தது. ஈயம் உருகும் வாடை இல்லை அது. பொருள் சாகிற வாடை. விருந்தினர் பேச்சு ஸ்பீக்கரில் கணீரென்று போய்க்கொண்டிருந்தது. கீழே இரண்டாம் வரிசையில் இருந்த சுகிர்தக்கா எழுந்து, நாற்காலிகளைத் தடவியபடி என் பக்கம் வந்துவிட்டாள்.

"என்னட்டி, கருகுன வாடை வருது."

நான் சொல்வதற்குள்ளேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் விசாரணை. செயலாளர் அறையில் பிரின்ஸ்பால் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கார்டு எப்படிப் போயிற்று என்று கேட்கவே இல்லை. அதற்கு முன்பே செயலாளர் முடிவுசெய்திருந்தார்.

"எப்பப் பாத்தாலும் காதுல மாட்டிக்கிட்டே இருந்தா கார்டு தேஞ்சி போவாதா?"

"என் காது தேயலையே சார்," என்றாள் சுகிர்தக்கா. "கார்டா தேஞ்சிச்சி?"

நான் நடந்ததைச் சொன்னேன். யார், எந்த வயர், எந்த ஓட்டை, எல்லாவற்றையும். அவர் என்னைப் பார்த்தார். "நீ பாத்துக்கிட்டு இருந்தேங்கே. அப்ப ஏன் தடுக்கல?" தடுத்தேன் என்றேன். "தடுத்தா ஏம்மா எரியுது?" என்றார்.  பிரின்ஸ்பாலின் அனுமதியோடுதான் பழகினோம் என்று சுகிர்தக்கா சொன்னாள். பிரின்ஸ்பால் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காலண்டரை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் எனக்கு மறந்துபோயிற்று. அவர் வழுக்கை மட்டும் ஞாபகம் இருக்கிறது.

புதுக் கார்டு நாங்களே வாங்கிப் போடுகிறோம் என்றோம். வேண்டாம் என்றார்கள். அந்தக் கம்ப்யூட்டர் ஆபீஸ் அறைக்குப் போனது. கொஞ்ச நாளில் ஆங்கிலத் துறையின் நிரந்தர இடம் வேறு ஒருவருக்குப் போனது. சுகிர்தக்காவுக்குச் சொல்லப்பட்ட காரணம், கல்லூரிச் சாதனங்களைக் கவனக்குறைவாகக் கையாண்டது. அடுத்த வருடமும் தற்காலிகமாகவே இருக்கலாம் என்று பெருந்தன்மை வேறு.

அன்றைக்குச் சாயங்காலமே ஜங்ஷனுக்குப் போய் அதே மாதிரி கார்டு ஒன்று வாங்கினேன். மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அவளையும் கூட்டிக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போனேன். ஹெட் கிளார்க் மட்டும் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்தார், ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார். "எனக்குச் செத்த நேரம் காது கேக்காது" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டில் குனிந்துகொண்டார். அந்தக் கல்லூரியில் நான் கேட்ட ஒரே மரியாதையான சொல் அது.

பெட்டியைத் திறந்தேன், எரிந்த கார்டைப் பிடுங்கினேன், புதியதைச் சொருகினேன்.   அவள் ஹெட்போனை மாட்டி உட்கார்ந்தாள். ராஜினாமாக் கடிதம் அடித்தாள். இரண்டே வரி. 'இந்த வேலையில் தொடர விருப்பமில்லை. இக்கடிதத்தை நானே டைப் செய்தேன்.' வாசிக்கவிட்டுக் கேட்டாள், ஒரு காற்புள்ளியை மாற்றினாள். அந்தப் பழைய பிரின்டர் அதைக் கரகரவென்று அடித்தபோது வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும். கையெழுத்துப் போடும் இடத்தில் ஸ்கேலை வைத்துக் கொடுத்தேன். அதன் விளிம்பில் நேராகப் போட்டாள்.

கார்டைத் திரும்பக் கழற்றி அவள் பையில் போட்டேன். அது எங்களுடையது. கடிதத்தை வாசித்துவிட்டு செயலாளர், "இத யாரு டைப் அடிச்சிக் குடுத்தா?" என்று கேட்டதாக ஹெட் கிளார்க் பிற்பாடு சொன்னார். சத்தியமாக. இரண்டாவது வரியை வாசித்துவிட்டும் கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் என்னையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் ஒரு பாலிடெக்னிக்கில் சேர்ந்து, வருடா வருடம் பிள்ளைகளுக்கு மோனோ பின், ஸ்டீரியோ பின் வித்தியாசத்தைக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தேன்.

சுகிர்தக்காவுக்கு நாகர்கோவிலில் ஓர் அரசு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. கவிதையை அப்படி நடத்தியவள். வருகிற போனை எடுத்து, "லைன்ல இருங்க" என்று சொல்லி மாற்றிக் கொடுக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தாள். மாதா மாதம் சம்பளம், தங்கை கல்யாணம், களக்காட்டில் வீட்டுக்கு மாடி. நல்லாத்தானே இருக்கா என்று எல்லோரும் சொன்னார்கள். இந்த 'நல்லாத்தானே'வைக் கேட்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். பிற்பாடு எல்லோர் கையிலும் செல்போன் வந்தது. அவள் மேஜையில் இருந்த டெலிபோன் போர்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். விருப்ப ஓய்வு வாங்கும் வரை வெறும் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

கடையில் சண்டை போட்ட அன்று சாயங்காலம் அவளுக்குப் போன் செய்தேன். செயலாளர் போய்ச் சேர்ந்து பல வருடமாயிற்று, அவர் படத்துக்குச் சந்தன மாலை போட்டுக் கல்லூரி வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள் என்றேன். ம் என்றாள்.

"அதையே இன்னும் நெனச்சிக்கிட்டு இருக்கியாட்டி?"

"ஆமா."

"நானுந்தான்," என்றாள். அப்புறம், "நம்ம லேப் அப்படியே இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. கட்டடத்தையே இடிச்சிட்டாங்க. மாடிப்படி, வராந்தா, அந்த வேப்பமரம், ஒண்ணும் இல்ல. தகரக் கொட்டாய் போட்டுக் காரு நிறுத்துதாங்க."

 

"என்னைய இப்பக் கொண்டுபோயி காலேஜ் கேட்டுல விட்டாலும் நேரா அங்கனதாம்ட்டி போயி நிப்பேன்," என்றாள். "இடிச்சிட்டாங்கன்னு என் காலுக்கு யாரு சொல்லுதது?"